வேலைநீக்க வழக்கு வருடக்கணக்கில் இழுத்தால்: பிறையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி கேட்டவர் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஒரு தொழிற்சாலையில் 11 வருடம் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்தவர். கடைசிச் சம்பளம் மாதம் 3,200 வெள்ளி (ரிங்கிட்). கையிருப்புக் கணக்கில் பொருள் குறைந்துபோனதற்கு அவர்தான் காரணம் என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். வழக்கு தொழிலியல் நீதிமன்றத்தில் இருக்கிறது. நீக்கி 22 மாதம் ஆகிவிட்டது, விசாரணைத் தேதி மூன்று முறை தள்ளிப்போய்விட்டது. இப்போது கம்பெனி 30,000 வெள்ளி தருகிறோம், முடித்துக்கொள் என்கிறது. "வேறு நிரந்தர வேலைக்குப் போனால் கேஸ் கெட்டுவிடும் என்றார்கள். அதனால் கிராப் ஓட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். வீட்டில் நிம்மதி போய்விட்டது. விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, வேலைக்குப் போனால் கேஸ் கெட்டுவிடும் என்று உங்களுக்குச் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு பேச்சை நம்பி வாழ்க்கையை நிறுத்தி வைத்தவர்களைத் தொழிற்சங்க வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். நிரந்தர வேலை கிடைத்தால் நாளைக்கே சேருங்கள். உங்களை நீக்கியது நியாயமா இல்லையா என்பதுதான் நீதிமன்றத்தின் முன் உள்ள கேள்வி. அதற்குப் பிறகு நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள் என்பது அந்தக் கேள்விக்குள் வராது. தொகை கணக்கிடும் இடத்தில் மட்டும்தான் வரும்.

அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் அதில்தான் நிற்கிறது. 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணைப்படி, நீக்கப்பட்ட நாளிலிருந்து அதிகபட்சம் 24 மாதச் சம்பளம்தான் பாக்கிச் சம்பளமாகக் கிடைக்கும். அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் அடிப்படையில். சோதனைக் காலத்தில் இருந்தவர்களுக்கு 12 மாதம்தான் உச்சம். வழக்கு மூன்று வருடம் நடந்தாலும் ஐந்து வருடம் நடந்தாலும் இந்த வரம்பு நகராது. இதோடு, திரும்ப வேலையில் சேர்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று நீதிமன்றம் கருதினால், அதற்குப் பதிலாக இழப்பீடு உண்டு. வழக்கமாக வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் என்று போடுவார்கள்.

உங்கள் விஷயத்தில் 24 மாதம் என்றால் 76,800 வெள்ளி. 11 வருடத்துக்கு 35,200. மொத்தம் 1,12,000 வெள்ளி. இது உச்சவரம்பு. இதிலிருந்து, இடையில் நீங்கள் சம்பாதித்ததைக் கருத்தில் கொண்டு ஒரு பகுதியைக் கழிப்பார்கள். முழுவதையும் கழித்தே ஆக வேண்டும் என்றில்லை, எவ்வளவு என்பது நீதிமன்றத் தலைவரின் முடிவு. உங்கள் பக்கமும் கொஞ்சம் தவறு இருந்தது என்று அவர் கருதினால் அதற்கும் ஒரு பங்கு கழியும். எதிர்காலத்தில் வரக்கூடிய வருமான இழப்புக்கு ஒன்றும் கிடையாது.

இப்போது யோசியுங்கள். இன்னும் இரண்டு மாதத்தில் உங்கள் 24 மாதம் முடிகிறது. அதற்குப் பிறகு காத்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் நீதிமன்றத்தால் பாக்கிச் சம்பளமாக ஒரு காசுகூடச் சேர்த்துத் தர முடியாது. மாதம் 2,500 வெள்ளிக்கு ஒரு வேலையில் இந்த 22 மாதமும் இருந்திருந்தால் 55,000 வெள்ளி கைக்கு வந்திருக்கும், கூடவே இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடித்தமும் நடந்திருக்கும். நடந்ததை நினைத்து மனம் நோக வேண்டாம். இனிமேல் வரும் மாதங்களுக்காகச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேரும்போது ஒன்றில் கவனம் வேண்டும். சட்டத்தின் 20-ஆவது பிரிவே, என்னைத் திரும்ப வேலையில் சேருங்கள் என்று கேட்பதற்காக எழுதப்பட்டதுதான். வழக்கில் அந்தக் கோரிக்கை இருக்கும். புது வேலை கிடைத்துவிட்டது, பழைய வேலை எனக்கு வேண்டாம் என்று கடிதத்திலோ வாட்ஸ்அப்பிலோ நீங்களாக எழுதிவிடாதீர்கள். அதைப் பற்றி என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதை வக்கீலோடு பேசி முடிவு செய்யுங்கள். கிராப் வருமானத்தையும் புதுச் சம்பளத்தையும் மறைக்கவும் வேண்டாம். இபிஎஃப் கணக்கிலும் வங்கிக் கணக்கிலும் அது பதிவாகித்தான் இருக்கும். குறுக்கு விசாரணையில் அதை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டினால், நீங்கள் உண்மையாகச் சொன்ன மற்ற விஷயங்களும் அடிபட்டுப் போகும்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கிறீர்கள். சட்டம் விரும்புவது வேறு. வழக்கு அனுப்பப்பட்ட 30 நாளுக்குள், முடிந்தால், தீர்ப்பு கொடுக்க வேண்டும் என்று 30-ஆவது பிரிவில் இருக்கிறது. அந்த 'முடிந்தால்' என்பதற்குள்தான் எல்லாத் தாமதமும் நுழைகிறது. முதலில் தொழிலியல் உறவு இலாகாவில் சமரசப் பேச்சு. அங்கே வக்கீல் வர முடியாது. சமரசம் ஆகாவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. 2021 ஜனவரி 1-க்கு முன்னால் இதற்கு நடுவில் அமைச்சர் ஒருவர் இருந்தார், அனுப்பலாமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இலாகாவின் தலைமை இயக்குநரே நேராக அனுப்பிவிடுகிறார். அந்த ஒரு படி குறைந்தது பெரிய நிம்மதி. அப்புறம் நீதிமன்றத்தில் மென்ஷன் (அடுத்த கட்டங்களுக்குத் தேதி குறிக்கும் சிறு அமர்வு), இரு தரப்பு வாதப் பத்திரங்கள், ஆவணக் கட்டு, சாட்சி வாக்குமூலங்கள், விசாரணை, எழுத்து மூல வாதம், பிறகுதான் தீர்ப்பு. இதில் ஒரு வக்கீலுக்கு அதே நாளில் உயர் நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் தள்ளிவைப்பு. சாட்சிக்கு உடம்பு சரியில்லை என்றால் தள்ளிவைப்பு. தலைவர் மாற்றலாகிப் போனால், புதியவர் கோப்பைப் படித்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதில் எதுவும் உங்களைக் குறிவைத்து நடப்பதில்லை. மூன்றாவது முறை தேதி தள்ளிப்போகும்போது, கம்பெனி யாரையோ கையில் போட்டுக்கொண்டது என்ற எண்ணம் வரத்தான் செய்யும். அந்த எண்ணத்தை வளரவிட்டால் தூக்கம் போய்விடும், வக்கீல் மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

தாமதத்தால் கம்பெனிக்கும் நஷ்டம் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். நீக்கியதற்குக் காரணம் நியாயமானது என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான். அதிலும், நீக்கும்போது என்ன காரணம் சொன்னார்களோ அதைத்தான் நிரூபிக்க வேண்டும். பிறகு வேறு காரணத்தைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. 1981-இல் கூன் குவீ போய் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது இது, இன்றைக்கும் எல்லா வேலைநீக்க வழக்கிலும் இதைத்தான் எடுத்து வைக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் கையிருப்பை எண்ணியவர் யார், உள் விசாரணையில் உட்கார்ந்தவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் இன்னும் அந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள்? அவர்களைக் கூட்டிவரும் வேலை கம்பெனியுடையது. ஆள் வேலையை விட்டுப் போய்விட்டால் அது அவர்களுக்குத்தான் தலைவலி. ஆனால் ஒன்று, நீங்கள் நீக்கப்படாமல் கம்பெனியின் நடவடிக்கை தாங்காமல் நீங்களே வெளியேறிய வழக்காக இருந்தால், அது நீக்கத்துக்குச் சமம் என்று முதலில் நிரூபிக்க வேண்டியது தொழிலாளிதான். உங்களுடையது அப்படி இல்லை, நல்லது.

உங்கள் பக்கத்துச் சாட்சிகளை மட்டும் காலத்தின் கையில் விடாதீர்கள். ஸ்டோரில் உங்களோடு இருந்த நேப்பாளத் தம்பிக்குப் பெர்மிட் முடிந்தால் ஊருக்குப் போய்விடுவார். கிளார்க் அம்மா ஓய்வு பெற்றுப் பிள்ளையோடு ஜோகூருக்குப் போய்விடுவார். அவர்கள் கண்ணால் பார்த்ததை இப்போதே எழுதி வாங்கி, தொலைபேசி எண்ணைக் குறித்துவைத்து, வக்கீலிடம் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவரைக் காணொளி வழியாக விசாரிக்க முடியுமா என்று நீதிமன்றத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பழைய கைப்பேசியை விற்றுவிடாதீர்கள், அதிலிருக்கும் வாட்ஸ்அப் உரையாடல்தான் சில வழக்குகளில் உயிர்நாடி. நீங்களும் உட்கார்ந்து, அந்த வாரம் நடந்ததை நாள்வாரியாக ஒரு முறை எழுதிவிடுங்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு சாட்சிக் கூண்டில், கிடங்குச் சாவி அன்று யாரிடம் இருந்தது என்று கேட்பார்கள். மனசு நிறைய கோபம் இருக்கும், தேதி ஞாபகத்தில் இருக்காது.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்த்த அக்கா ஒருவருடைய வழக்கில் கூட இருந்தேன். அவர் பள்ளிக்கூட நோட்டு ஒன்று வைத்திருந்தார். முன்பக்கத்திலிருந்து நீதிமன்றத் தேதிகள்: யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், ஏன் தள்ளிப்போனது, பஸ்ஸுக்கும் நகல் எடுக்கவும் என்ன செலவு. பின்பக்கத்திலிருந்து எந்தெந்த இடத்தில் வேலை கேட்டார், யார் என்ன பதில் சொன்னார்கள், மாதம் எவ்வளவு வந்தது என்ற கணக்கு. வேலை தேடாமல் சும்மா இருந்தீர்கள்தானே என்று கம்பெனி வக்கீல் கேட்டபோது, அவர் அந்த நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தார். வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நோட்டின் பெரிய பயன் அதுகூட இல்லை. எழுதி மூடிவைத்துவிட்டால் அடுத்த தேதிவரை அதை மனசில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை என்பார். நீங்களும் ஒன்று வாங்குங்கள்.

தேதி விஷயத்தில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. எதிர்த்தரப்பு மறுபடி தள்ளிவைக்கக் கேட்டால், இதுவே கடைசித் தள்ளிவைப்பாக இருக்க வேண்டும் என்று பதிவு செய்யும்படி உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். ஓய்வு வயது நெருங்குகிறது, உடல்நலம் சரியில்லை என்பது போன்ற காரணம் இருந்தால், சீக்கிரமான தேதி கேட்டு நீதிமன்றப் பதிவாளருக்கு மரியாதையாக ஒரு கடிதம் போடலாம், மறுதரப்புக்கும் ஒரு நகல். ஒரு நாள் விசாரணைக்கு இரண்டு, மூன்று தேதிகளாகச் சேர்த்து வாங்கிவைப்பதும் நல்லது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். உங்கள் பக்கத்திலிருந்து தள்ளிவைப்புக் கேட்கவே கேட்காதீர்கள். வீடு மாறினால், எண் மாறினால் உடனே தெரிவியுங்கள். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய், ஆள் வராததால் வழக்கு தள்ளுபடியான கதைகள் உண்டு. அதைவிடக் கொடுமை எதுவும் இல்லை.

இனி வீட்டு விஷயம். நிம்மதி போய்விட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. விசாரணை நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் இரவு தூக்கம் வராது. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பி, ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் "அடுத்த தேதி நான்கு மாதம் கழித்து" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது மனைவி வாசலில் நின்று என்ன ஆச்சு என்று கேட்கும் அந்த நேரத்தில்தான் சண்டை தொடங்கும். அவர் மேல் கோபம் இல்லை, ஆனால் சொல்ல பதில் இல்லை. அதனால் முன்கூட்டியே இருவரும் பேசிவையுங்கள்: இன்றைக்குத் தள்ளிப்போனாலும் போகலாம், போனால் மதியம் எங்காவது சாப்பிட்டுவிட்டுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவோம் என்று. வழக்கைப் பற்றிப் பேச வாரத்தில் ஒரு நேரம் வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதும் பல வீடுகளில் உதவியிருக்கிறது.

கல்யாண வீட்டிலும் கோயிலிலும் "கேஸ் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். திருடிவிட்டான் என்று வெளியே அனுப்பினார்களாம் என்ற பேச்சும் உங்கள் காதில் விழுந்திருக்கும். எல்லாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. "நீதிமன்றத்தில் இருக்கிறது, நான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்" என்பது போதும். அந்த இரண்டாவது பாதியைச் சொல்ல முடிகிற அன்றைக்கு உங்களுக்கே நிமிர்ந்து நிற்கத் தோன்றும். தூக்கம் வராமல், உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற அளவுக்கு எண்ணம் போனால் தள்ளிப்போடாதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. மனம்விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-76272929. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) மருத்துவரிடமும் சொல்லலாம். ஆம்பிளை இதற்கெல்லாம் போவதா என்று இருந்துவிடாதீர்கள்.

பண நெருக்கடிக்கு, ஆலோங் என்கிற சட்டவிரோத வட்டிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். வீட்டுக் கடனோ கார்க் கடனோ நிலுவை விழும் முன்பே வங்கியோடு பேசுங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் ஆலோசனை அமைப்பு ஏகேபிகே, இலவசமாகவே கடனைத் திருத்தி அமைக்க வழி பார்த்துக் கொடுக்கும். 2024 மே மாதத்திலிருந்து இபிஎஃப்பில் மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கிறது, அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் அது உங்கள் முதுமைக்கான பணம், அளவாகத் தொடுங்கள். கிராப் ஓட்டும்வரை சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ பாதுகாப்பு உங்கள் பெயரில் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒழுங்கீனம் என்று சொல்லி நீக்கியிருப்பதால் சொக்சோவின் வேலையிழப்புக் காப்புறுதி உங்களுக்குப் பொருந்தாது. ஆட்குறைப்பில் வேலை போனவர்கள் இதைப் படித்தால், 60 நாளுக்குள் அதற்கு மனுச் செய்யுங்கள். நீக்கத்தை எதிர்த்து இலாகாவில் முறையிடவும் அதே 60 நாள்தான், ஒரு நாள் தாண்டினாலும் கதவு மூடிவிடும்.

சரி, 30,000 வெள்ளி. தீர்ப்பு வந்தால் உடனே பணம் என்று நினைக்காதீர்கள். தோற்ற தரப்பு 14 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், அங்கே இன்னும் காலம் போகும். தீர்ப்பு வந்த 31-ஆவது நாளிலிருந்து ஆண்டுக்கு 8 விழுக்காடு வரை வட்டி போட நீதிமன்றத்துக்கு இப்போது அதிகாரம் உண்டு, தீர்ப்பை மதிக்காத கம்பெனி மேல் 56-ஆவது பிரிவில் புகார் செய்யலாம். வழக்கு முடியும் முன் தொழிலாளி இறந்துபோனால்கூட வாரிசுக்குத் தொகை கொடுக்க 2021 திருத்தம் இடம் தருகிறது. இவ்வளவு இருந்தாலும், கம்பெனியே மூடிப்போனால் கையில் காகிதம்தான் மிஞ்சும். அதனால் கம்பெனியின் நிலவரத்தைப் பாருங்கள். எஸ்.எஸ்.எம். (கம்பெனிப் பதிவு ஆணையம்) தளத்தில் சிறு கட்டணம் கட்டினால் அதன் கணக்கு விவரமும் இயக்குநர்கள் பெயரும் கிடைக்கும். ஆட்களைக் குறைக்கிறார்களா, இடத்தை விற்கிறார்களா, பெயரை மாற்றுகிறார்களா என்று பழைய நண்பர்களைக் கேளுங்கள்.

கம்பெனி நன்றாக ஓடுகிறது என்றால், 11 வருடத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்காதவருக்கு 30,000 குறைவு என்பது என் கருத்து. உச்சம் 1,12,000. கிராப் வருமானத்துக்குக் கொஞ்சம், தோற்றுப்போகும் வாய்ப்புக்குக் கொஞ்சம், இன்னும் இரண்டு வருடம் அலைய வேண்டாம் என்பதற்குக் கொஞ்சம் என்று கழித்தாலும் அதற்கு மேல்தான் நிற்கும். நானாக இருந்தால் 65,000 என்று எதிர்த் தொகை சொல்லி, 50,000 அருகில் வந்தால் மனைவியோடு பேசி முடிவெடுப்பேன். கம்பெனி தள்ளாடுகிறது என்றால் 30,000-ஐயும் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். சமரசத்துக்குப் போவது தோல்வி இல்லை, களைத்துப்போய்க் கையெழுத்துப் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். தேதி தள்ளிப்போன அன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள், ஒரு வாரம் விடுங்கள்.

ஒத்துக்கொண்டால், வெறும் கடிதத்தில் முடிக்காமல் நீதிமன்றத்தின் சம்மதத் தீர்ப்பாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பணம் தராவிட்டால் அதை வைத்து நீதிமன்றத்துக்கே திரும்பலாம். பணம் எந்தத் தேதிக்குள், ஒரே தவணையிலா, வருமான வரி யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கட்டும். இதற்கு மேல் கோர எதுவும் இல்லை என்று எழுதித் தருவது பணம் வந்த பிறகுதான் செல்லும் என்றும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் நீக்கம் என்பதை எடுத்துவிட்டு, தானாக விலகியதாக மாற்றி, எத்தனை வருடம் எந்தப் பதவியில் இருந்தீர்கள் என்று சான்றுக் கடிதம் தரவும் கேளுங்கள். கம்பெனிக்கு அதில் செலவு இல்லை, ஸ்டோர் வேலை தேடும் உங்களுக்கு அது பணத்துக்குச் சமம். இந்த வாரம் எஸ்.எஸ்.எம். விவரத்தை எடுத்து, கிராப் வருமானத்தை மாதவாரியாகக் கூட்டி, இரண்டையும் வக்கீலிடம் கொண்டுபோய் எதிர்த் தொகையை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.